காக்ஸ் டவுன் கேபிளில் ஏறாத குரல்

அத்தியாயம் 5

"கேபிள்ல டிவி இறங்கி வரும் மேடம், குரல் ஏறிப் போகும். இறங்குற வழி மெயின் ரோடு மாதிரி அகலம். ஏறுற வழி ஒரு சந்து. பிரச்சினை அந்தச் சந்துலதான்," என்றான் ஷ்ரேயாஸ்.

"எவ்வளவு அழகா சொல்றீங்க!" என்றார் நிருபமா மேடம்.

எனக்கு வயிறு எரிந்தது. பெங்களூரு ஆஸ்டின் டவுனில் பேக்கரிக்கு மேலே இருக்கும் எங்கள் துப்பறியும் நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து இந்த அம்மாவிடம் நான் அழகழகாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். என் ஜோக்குகளுக்கு அவர் தரும் பரிசு ஒரே ஒரு கன்னட வார்த்தை. "சாகு அர்ஜுன்." போதுமாம். அறிமுகமாகி அரை மணி நேரம் ஆகாத பையன், சந்து, மெயின் ரோடு என்று ஏதோ உளறினால் அது அழகாம்.

ஷ்ரேயாஸ் உயரமாக இருந்தான். வாரிய தலை வாரியபடி நின்றது. போனில் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று சோதிப்பதுதான் அவன் தொழில். அதற்கெல்லாம் ஒரு தொழில், ஒரு சம்பளம்! எங்கள் ஊர் ஆம்பூரில் அந்த வேலையை ஊரே இலவசமாகச் செய்கிறது.

"அந்தச் சந்துல யார் குப்பை கொட்டறாங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்," என்றார் யூனிஸ். அவர்தான் எங்கள் கட்சிக்காரர். நாங்கள் உட்கார்ந்திருந்தது அவர் வீட்டு முன்னறையில்.

யூனிஸுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். காக்ஸ் டவுன் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு அவருடைய கேபிள்தான். அப்பா ஆரம்பித்த லைன். இப்போது ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரிய முதியோர் இல்லம், அறைக்கு அறை டிவியும் போனும் ஒரே கேபிளில் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. மெஷின் போடுகிற மார்க் அவர்களுக்கு வேண்டாம். இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து பேச வேண்டும், மனிதக் காதுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். அதனால் தினமும் மாலை ஏழு மணிக்கு யூனிஸ் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேசுவார். மார்க்கெட் பக்கத்து கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஷ்ரேயாஸ் கேட்பான். பத்து நிமிடம் எதை வேண்டுமானாலும் பேசலாம். முடிவில் இரண்டு பேரும் தெளிவுக்கு ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். வெளிச் சத்தம் கூடாது. எனவே ஜன்னல் மூடி, கதவு சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட வேண்டும்.

"முதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சு," என்றார் யூனிஸ். "போன வாரத்துலேர்ந்து பேஜாரு. இவர் பேசறது எனக்கு மணி மாதிரி கேக்குது. நான் பேசறது இவருக்குக் கரகரன்னு அப்பளம் நொறுங்கற மாதிரிதான் போகுது. பகல்ல பார்த்தா லைன் சுத்தம். ஏழு மணி டெஸ்ட் வந்தா மட்டும் இரைச்சல். நாளைக்கு முதியோர் இல்லத்துக்காரங்க நேர்ல வந்து பேசிப் பார்க்கப் போறாங்க. அப்பவும் இப்படி இருந்துச்சுன்னா, இந்த லைனை, விலைக்குக் கேட்டுக்கிட்டிருக்கிற பெரிய கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டு நான் வீட்ல உக்கார வேண்டியதுதான். அப்பா போனப்புறம் நானே கம்பத்துல ஏறி வளர்த்த லைன் மேடம் இது."

 அந்தப் பெரிய கம்பெனியின் ஏஜென்ட் லாயிட் எதிர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். சாயங்காலம் ஆனால் பால்கனியில் நாற்காலி போட்டு இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பானாம். நரி கோழிக்கூண்டைப் பார்ப்பது வேறெதற்கு?

"டீ எடுத்துக்குங்க பிரதர்," என்று ஒரு தட்டு என் மூக்கருகில் வந்தது. யூனிஸின் கணவர் கில்பர்ட். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டிலும் டை கட்டியிருந்தார். டீயோடு அச்சு முறுக்கும் இருந்தது.

"எப்படியாவது யூனியைக் காப்பாத்துங்க," என்றார். "டெஸ்ட் நேரத்துல ஃபேனை நானே ஆஃப் பண்றேன். தெருவுல தள்ளுவண்டிக்காரன் கத்தினாக்கூட நான் போய் அனுப்பிடுவேன். சாத்தின கதவுக்கு வெளியில நின்னு வேற என்ன பிரதர் செய்ய முடியும்?"

நல்ல மனுஷன். நான் இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டேன்.

"ஒரு சந்தேகம்," என்றார் மேடம் ஷ்ரேயாஸிடம். "இந்த வீட்டுக் கேபிள்லதான் இரைச்சல் புகுதுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது மேடம். எல்லா வீட்டுச் சாக்கடையும் ஒரே கால்வாய்ல சேர்ற மாதிரி, தெருவுல எந்த வீட்ல இரைச்சல் புகுந்தாலும் ஏறுற வழியில எல்லாம் ஒண்ணாக் கலந்துடும். ஒரு வீடு கெட்டா தெருவே கெடும். டிவி மட்டும் நல்லாத் தெரியும். அதனால யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ண மாட்டாங்க."

"அற்புதம்!" என்றார் மேடம்.

சாக்கடையில் என்ன அற்புதம்? கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். "சாகு" வரும் என்று தெரிந்ததால் முறுக்கைக் கடித்தேன்.

வெளியே வந்ததும் பொறுக்க முடியவில்லை. "மேடம், எனக்குத் தெரிஞ்சு குற்றவாளி அவன்தான்."

"யாரு?"

"அந்த அழகு சுந்தரம். இரைச்சல் கேக்குதுன்னு சொல்றதே அவன் ஒருத்தன்தான். கம்பெனிக்காரன் கையில எதையாவது அமுக்கியிருப்பான். இவன் இங்க ஒரு பட்டனை அமுக்கறான்."

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது மூளை சொல்லுதா, வயிறு சொல்லுதா?"

"ரெண்டுக்கும் நடுவுல கழுத்துதான் மேடம் இருக்கு. பெரிய தூரமில்ல."

அதிசயமாக அவர் "சாகு" சொல்லவில்லை. "சரி, வெச்சுக்குவோம். நமக்கு ரெண்டு சந்தேகம். ஷ்ரேயாஸ் ஒண்ணு, லாயிட் ஒண்ணு. நாம ரெண்டு பேர் இருக்கோம். ஆளுக்கு ஒருத்தர் பக்கத்துல உக்காருவோம். இன்னிக்கு யூனிஸ் ஏழு மணிக்கு வழக்கம்போல உள்ள போய்க் கதவைச் சாத்தட்டும். ஆனா போனைத் தொட வேண்டாம்."

"போன் பண்ணாம டெஸ்டா?"

"டெஸ்ட் லைனுக்கு இல்ல. இது யூனிஸுக்கும் ஷ்ரேயாஸுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். அவங்க வீட்லகூட யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

* * *

மேடம் லாயிட்டின் பால்கனிக்குப் போனார், வீடு வாடகைக்குப் பார்க்கிற சாக்கில். எனக்கு வாய்த்தது கன்ட்ரோல் ரூம். ஏசி குளிர், பெட்டிகளின் உறுமல், பக்கத்தில் ஷ்ரேயாஸ். விதி என்று ஒன்று இருக்கிறது பாருங்கள்.

"உங்க மேடம் செம ஷார்ப் பிரதர்," என்றான்.

"கையை மேசை மேல வை," என்றேன்.

"என்ன?"

"ரெண்டு கையும் மேசை மேல. எனக்குத் தெரியற மாதிரி. எங்க ஆபீஸ் பழக்கம்."

சிரித்துக்கொண்டே வைத்தான். மோதிரம் இல்லை. அதையும் கவனித்தேன், எரிச்சல் கூடியது. எங்கள் முன்னால் இருந்த திரையில் ஒரு பச்சைக் கோடு அசையாமல் படுத்திருந்தது. ஏறுகிற வழியில் இரைச்சல் வந்தால் அந்தக் கோடு எழுந்திருக்குமாம்.

"யூனிஸ் மேடம் எப்படிப் பேசுவாங்க தெரியுமா?" என்றான் அவன். "சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிக்கும். சில நாள் மார்க் போடறதையே மறந்துடுவேன்."

கல்யாணமான பெண்ணையும் சிரிக்க வைக்கிறானா இவன்? உலகத்தில் இருக்கிற பெண்களையெல்லாம் இவன் ஒருத்தனே சிரிக்க வைப்பது என்று டெண்டர் எடுத்திருக்கிறானா? கில்பர்ட் சாரின் டை என் ஞாபகத்துக்கு வந்தது. பாவம், அந்த மனுஷன் கதவுக்கு வெளியே ஃபேன் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஏழு மணி ஆயிற்று. யூனிஸ் இந்நேரம் கதவைச் சாத்தியிருப்பார். போன் மணி அடிக்கவில்லை. அடிக்காது என்பது எங்களுக்குத் தெரியும். பச்சைக் கோடு தூங்கியது.

திடீரென்று அது எழுந்தது. ஏதோ குத்தியதுபோலத் துள்ளி, பல் பல்லாக முளைத்து, திரையின் பாதி உயரத்துக்கு நின்றது.

"வந்துடுச்சு!" என்று ஷ்ரேயாஸ் கத்தினான். அவன் இரண்டு கையும் மேசை மேல்தான் இருந்தன. நானே சாட்சி. எவ்வளவு துக்கமான சாட்சி!

என் போன் அடித்தது. மேடம்.

"இரைச்சல் வந்துதா?"

"வந்துது மேடம். இந்தப் பையன் ஒண்ணும் செய்யலை," என்றேன் வேண்டாவெறுப்பாக. "அப்ப லாயிட்தான். மடக்கிப் பிடிங்க."

"லாயிட் என் எதிர்ல உக்காந்து வேர்க்கடலை உரிச்சுக்கிட்டிருக்கார். ரெண்டு கை நிறைய கடலைத் தோல். யோசி அர்ஜுன். இன்னிக்கு லைன்ல அழைப்பே இல்ல. ஆனாலும் இரைச்சல் வந்துது. லைனைக் கவனிக்கிற ஆளா இருந்தா, அழைப்பு இல்லைன்னு தெரிஞ்சு சும்மா இருந்திருப்பான். இவன் லைனைக் கவனிக்கலை. வேற எதையோ கவனிக்கிறான்."

"எதை?"

"கதவை," என்றார் மேடம். "லாயிட் பால்கனியிலேர்ந்து யூனிஸ் வீட்டு மொட்டை மாடி நல்லாத் தெரியுது. கிளம்பி வா. அந்த அழகு சுந்தரத்தை போன் பக்கத்துலயே இருக்கச் சொல்லு."

* * *

யூனிஸ் வீட்டு மாடிப்படியில் எனக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மேடம் நின்றிருந்தார். அவர் காலடியில், தொட்டிக் குழாயை ஒரு கையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கில்பர்ட் உட்கார்ந்திருந்தார். டை அப்படியே இருந்தது. மடியில் ஒரு பழைய சிவப்பு டெலிபோன், சுழற்றுகிற நம்பர் தட்டு வைத்தது. அதிலிருந்து கிளம்பிய இரண்டு நீள வயர்கள், தோல் உரித்த கேபிளைக் கிளிப் போட்டுக் கவ்வியிருந்தன. ரிசீவர் அவர் காதோடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்த பிறகும் அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"சார், என்ன சார் இது?" என்றேன். அச்சு முறுக்கு கொடுத்த கை ஆயிற்றே.

"பேரலல் கனெக்ஷன்," என்றார் மெல்ல.

அவர் பள்ளிக்கூடத்தில் ஒரு காலத்தில் ஹெட்மாஸ்டர் அறை போனுக்கு ஸ்டாஃப் ரூமில் ஒரு பேரலல் இருந்ததாம். ஹெட்மாஸ்டர் பேசுவதை வாத்தியார்கள் எல்லாரும் முறை போட்டுக் கேட்பார்களாம். போன் என்றால் இரண்டு வயர், இடையில் தொட்டால் கேட்கும். கணக்கு வாத்தியாருக்குத் தெரிந்த கணக்கு அது. அதே கணக்கைக் கேபிளில் போட்டுவிட்டார்.

"கேபிள்ல குரல் குரலாப் போறதில்ல சார்," என்றார் மேடம். "நீங்க ஜென்மம் முழுக்கக் கேட்டாலும் இதுல ஒரு வார்த்தை கேக்காது. ஆனா நீங்க மாட்டின வயரு ஆண்டெனா மாதிரி ஊர்ச் சத்தத்தையெல்லாம் உள்ள இழுத்து லைன்ல விட்டுடுச்சு. யூனிஸ் குரலை நொறுக்கினது அதுதான்."

கில்பர்ட்டின் முகம் செத்துவிட்டது. "நானா? யூனியோட லைனை நானா கெடுத்தேன்?"

"எதுக்கு சார் இந்த வேலை?" என்றேன்.

"கதவைச் சாத்தறாங்க பிரதர். ஜன்னலையும் சாத்தறாங்க. உள்ளேர்ந்து சிரிப்புச் சத்தம் வருது. எங்கிட்ட அவ அப்படிச் சிரிச்சு எத்தனையோ வருஷமாச்சு. கடைசியில 'இன்னிக்கு அஞ்சுக்கு அஞ்சு ஷ்ரேயாஸ்'ங்கறா. எதுல அஞ்சுக்கு அஞ்சு? வெளியில வந்தா முகம் பளபளன்னு இருக்கு. என்னைப் பார்த்ததும் 'சோறு வெச்சீங்களா'ங்கறா. எரியுது பிரதர். உள்ள பூரா எரியுது. ஏசப்பாகிட்டகூடச் சொல்ல முடியலை."

"அந்த போன்ல ஒண்ணும் கேக்கலைன்னு முதல் நாளே தெரிஞ்சிருக்குமே?"

"உஸ்ஸுன்னு கேட்டுச்சு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு பேரும் ரகசியமா குசுகுசுக்கறாங்கன்னு நினைச்சேன்."

நான் சிரித்திருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். சிரிப்பு வரவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொல்லுங்க பிரதர். அந்தப் பையனை உங்களுக்குப் பிடிக்குதா?"

"சத்தியமா இல்ல சார்," என்றேன். மேடம் என்னை முறைத்தார்.

"அவனை எதுக்குப் பிடிக்கணும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யூனிஸ். எப்போது மேலே வந்தார், எது வரை கேட்டார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டது போலத்தான் இருந்தது.

கணவரைத் தாண்டிப் போனார். இடுப்பிலிருந்த கட்டரை எடுத்தார். கிளிப்புகளைப் பிடுங்கினார். காயம்பட்ட கேபிள் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, புது முனை போட்டு, திருகி இறுக்கினார். பழகிய கை. கண் மட்டும் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்க அவர் நிறுத்தவில்லை.

"யூனி," என்றார் கில்பர்ட்.

"கீழ வாங்க," என்றார் யூனிஸ்.

* * *

முன்னறையில் நாலு பேரும் நின்றோம். யூனிஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு ஷ்ரேயாஸைக் கூப்பிட்டார்.

"ஷ்ரேயாஸ், நம்ம டெஸ்ட் எல்லாம் ரெக்கார்ட் பண்ணுவீங்கல்ல? போன வாரத்துல ஒண்ணை எடுத்துப் போடுங்க. என் வீட்டுக்காரர் கேக்கணுமாம்."

அவன் போட்டான். ஷ்ரேயாஸின் சிரிப்பு, பக்கத்தில் நின்று சிரிப்பது போலத் தெளிவாகக் கேட்டது. அப்புறம் யூனிஸின் குரல். அதாவது, யூனிஸின் குரல் இருக்க வேண்டிய இடத்தில் கரகர, சடசட. மறுபடி ஷ்ரேயாஸ், "அய்யோ மேடம், போதும் மேடம்!" மறுபடி கரகர. கில்பர்ட் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து குனிந்து பார்த்தார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எதைக் கேட்க அத்தனை நாள் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாரோ, அதை அவரே அழித்து வைத்திருந்தார்.

"வேற நாள் போடுங்க தம்பி."

"போன வாரம் பூரா இப்படித்தான் சார். பழகின காதுங்கறதால எனக்குப் பாதி புரியும். அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் அழிச்சாச்சு."

கில்பர்ட் மனைவியைப் பார்த்தார். யூனிஸ் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வராது என்பது எனக்கே புரிந்தது. அங்கே என்ன பேசினார்கள் என்று தெரிந்த ஆள் உலகத்தில் இன்னும் ஒருத்தன்தான் பாக்கி.

எனக்கு அந்த நிலைமை வந்திருந்தால் ரயிலேறி ஆம்பூருக்கே போயிருப்பேன். கில்பர்ட் போகவில்லை. ஸ்பீக்கரை அணைத்து ரிசீவரைக் கையில் எடுத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, ஸ்பீக்கரை மறுபடியும் போட்டார்.

"தம்பி," என்றார். தொண்டையைச் செருமினார். "என் வொய்ஃப் உங்ககிட்ட என்ன பேசுவாங்க?"

"உங்களைப் பத்தித்தான் சார்."

கில்பர்ட் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். 

"மேடம் கேபிளை எடுத்து நடத்த ஆரம்பிச்ச புதுசுல மழையில லைன் அறுந்துச்சாமே?" என்றான் ஷ்ரேயாஸ். "பொம்பளைக்கு ஏணி பிடிக்க மாட்டோம்னு ஆளுங்க போயிட்டாங்களாம். நீங்க ஸ்கூல்லேர்ந்து அப்படியே டையோட ஓடி வந்து பிடிச்சீங்களாம். உங்களுக்கு மேல பார்த்தாலே தலை சுத்துமாமே சார்? கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, பயம் தெரியாம இருக்க சத்தமா கீர்த்தனை பாடினீங்களாம். ஒரு வரிகூட சுருதியில இல்லையாம். தெருவே ஜன்னலைத் தொறந்து பார்த்துச்சாம். யூனிஸ் மேடம் கம்பத்து மேல இருந்து சிரிச்ச சிரிப்புல கட்டரைக் கீழ போட்டுட்டாங்களாம். இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டது சரிதான்னு அன்னிக்குத்தான் தோணிச்சுன்னு சொன்னாங்க. இன்னும் நிறைய இருக்கு சார். கல்யாணத்துல நீங்க மோதிரத்தைத் தொலைச்சது, அப்புறம்..."

"போதும் தம்பி," என்றார் கில்பர்ட். மூக்கை உறிஞ்சினார்.

யூனிஸ் வந்து ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கினார். "லைன் எப்படி இருந்துச்சு ஷ்ரேயாஸ்?"

"சுத்தமா இருக்கு மேடம். சார் மூக்கு உறிஞ்சினது வரைக்கும் கேட்டுச்சு. தைரியமா நாளைக்கு அவங்களை வரச் சொல்லுங்க."

"வரச் சொல்றேன்," என்று யூனிஸ் போனை வைத்தார். லைன் பிழைத்துவிட்டது. மேடத்தின் முகத்தில் ஒரு சின்ன வெற்றி தெரிந்தது. நானும் மூச்சு விட்டேன்.

ஆனால் கில்பர்ட் நகரவில்லை. வெட்கத்தில் சிவந்த முகத்தில் இன்னும் ஏதோ எரிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும் அது என்னவென்று. அது சுலபத்தில் அணையாது.

"இவ்வளவையும் அவன்கிட்ட சொல்லியிருக்க," என்றார். "எங்கிட்ட ஒரு நாளாவது சொன்னியா யூனி?"

யூனிஸ் திரும்பினார். கோபம் இல்லை. களைப்பாகத்தான் இருந்தார்.

"அவன் எதிர்ல ஆள் இருக்கற மாதிரி, நான் பேசறதைக் காது குடுத்துக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். நீங்க என்னிக்குங்க அப்படி உக்காந்தீங்க?"

  கில்பர்ட் ஒரு நாற்காலியை மெல்ல இழுத்து, மனைவியின் எதிரில் போட்டு உட்கார்ந்தார். யூனிஸ் உடனே எதுவும் பேசிவிடவில்லை. கில்பர்ட்டும் எழுந்திருக்கவில்லை. மேடம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தோம்.